பதினோரு மணி நேர ஆண்டு

என் ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம்.
அந்தக் கோளுக்கு ஓர் ஆண்டு பதினொன்று.
நான் பூட்ஸ் கட்டிக் கழற்றுவதற்குள்
அதற்கு ஒரு வயது கூடி
மேலே ஒரு மணி ஓவர்டைமும் ஆகிவிடும்.

பஸ்ஸில் படித்தது. ருவைஸ் கேம்பிலிருந்து
கேட் வரை நாற்பது நிமிடம்,
அதில் நெட் கிடைப்பது பாதி.
நாற்பத்தொன்பது ஒளியாண்டு தள்ளி
சிவந்து சிறுத்த சிக்கனமான ஒரு சூரியன்.
அதை ஒட்டி ஒரு கரும்பாறை,
ஒரே கன்னத்தைக் காட்டியபடி சுற்றுகிறதாம்.
இந்தப் பக்கம் எப்போதும் பகல்.
அந்தப் பக்கம் விடிந்ததே இல்லை.
ஷிப்ட் மாற்றித் தர ஃபோர்மேன் கிடையாது.

எனக்குப் பிடித்தது அளந்த விதம்.
யாரும் அந்தப் பாறையைப் பார்க்கவில்லை.
வெப்பத்தை மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்,
அகச்சிவப்பில்.
என் பிழைப்பும் அதுதான்.
ராத்திரி முழுக்க ஹீட்டரின் சின்னக் கதவைத் திறந்து
தெர்மல் கேமராவை நீட்டி
குழாய் குழாயாக விசாரிப்பேன்.
அறுநூற்றுப் பத்து.
அறுநூற்றுப் பதினெட்டு.
பன்னிரண்டாவது இன்றைக்குக் கொஞ்சம் கோபம்.

கோளின் பகல் பக்கம் எழுநூற்று எழுபது.
என் குழாய் ஒன்று அந்த எண்ணைச் சொன்னால்
நான் குல்கர்னி சாரை எழுப்ப வேண்டும்,
அவர் அபுதாபியை எழுப்புவார்.
இரவுப் பக்கம் கேட்டதற்கு
கருவி கையை விரித்துவிட்டது.
அதை வைத்தே முடிவு கட்டினார்கள்: அங்கே காற்று இல்லை.
இருந்திருந்தால்
இங்கே கொதிப்பதில் ஒரு கை அள்ளி
அங்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கும்.

இப்போது ஷட்டவுன் காலம்,
கேம்பில் கட்டில் பத்தவில்லை.
பதினேழாம் எண் அறை, ஜன்னலோரக் கீழ்க்கட்டில்
பகலில் எனக்கு, இரவில் யாதகிரிக்கு.
சாரம் கட்டுகிறவன், நிஜாமாபாத் பக்கம்.
ஏழு வாரம்
(கோளில் நூற்றேழு ஆண்டு)
ஒரே ஃபோமில் படுத்தும்
அவன் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது.
சப்கா கோட்டைத் தாண்டும் இடத்தில்
அவர்கள் பஸ்ஸும் எங்கள் பஸ்ஸும் உரசாமல் போகும்.
கண்ணாடியில் நெற்றி முட்டித் தூங்கும் வரிசையில்
யாரோ ஒருவன் அவன்.

போன செவ்வாய் கேமரா லென்ஸில் கோடு விழுந்தது.
காலையில் டிரைவர் வந்து வாங்கிக்கொள்வான்,
கேம்புக்கு எடுத்துப் போ என்றார்கள்.
பிக்கப்பில் நான் இறங்கியபோது மணி நாலே முக்கால்,
பகல் பஸ்ஸின் பின்விளக்கு இன்னும் தெரிந்தது.
அறையில் விளக்கைப் போடவில்லை,
மேல்கட்டில்காரன் திட்டுவான்.
சும்மா கேமராவைத் திருப்பினேன்.

கட்டிலில் ஒரு ஆள் படுத்திருந்தான்.

யாருமில்லை.
ஃபோமில் அவன் விட்டுப்போன முப்பத்தோரு டிகிரி.
சுவரோடு ஒட்டி, முழங்கால் மடக்கி,
கட்டிலில் மூன்றில் ஒரு பங்குதான் ஆரஞ்சு நிறம்.
மிச்சமெல்லாம் ஏசியின் நீலம்.
தலை இருந்த இடத்தில் மடித்து வைத்த துண்டு.
என் தலையணை கருநீலமாகக் கிடந்தது,
இருபத்திரண்டு,
ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லை.
பதினைந்து திர்ஹம் தலையணை அது.
தொடாதே என்று நான் சொன்னதில்லை.
சொல்ல அவனுக்குத் தமிழும் தெரியாது.

நின்றபடியே பார்த்தேன்.
முதலில் பாதம் போயிற்று,
பிறகு முதுகு.
இடுப்பெலும்பு அழுந்திய இடம்
கடைசிவரை விடவில்லை.
ஆறு நிமிடம்.
கோடு விழுந்த லென்ஸ் அவன் தோளை இரண்டாக வெட்டியிருந்தது.
படத்தைச் சேமிக்கவில்லை, கார்டு கம்பெனியுடையது.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது
தலையணையைச் சுவர்ப் பக்கம் தள்ளி வைத்தேன்,
துண்டுக்கு மேலேயே.

மறுநாள் காலை, கேமரா அபுதாபியில்.
தலையணை வைத்த இடத்தில் வைத்தபடி.
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
இரண்டு மணி நேர ஏசி, எல்லாம் ஒரே சில்லிப்பு.
கை ஒன்றும் சொல்லவில்லை.
பூட்ஸைக் கழற்றி
படுக்கலாம் என்று குனிந்தேன்.

நெல்லிக்காய் எண்ணெய் வாசம்.