முப்பது நாள் தண்ணீர்

விமானம் வந்து போய்ப் பத்தொன்பது நாள்.
குருணையாய்க் கொட்டிய மருந்து
நெல்லின் சக்களத்தியைக் கொன்றுவிட்டது.
கரையோரம் மட்டும் நாலு தூர்
சாகாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

இன்னும் பதினொரு நாள்
இந்த வயலிலிருந்து ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது.
கொலூசா மாவட்டத்துக் காகிதம் அப்படித்தான் சொல்கிறது.
மதகுப் பலகைக்குப் பிளாஸ்டிக் போர்த்தி
அதன்மேல் சேறு அணைத்து
பூட்ஸால் மிதித்து வைத்தவன் நான்.
எலியாசர் ஓசெகுவேரா, தண்ணீர்க்காரன்.
பலகையின் பின்புறம் பென்சிலால் என் பெயர் இருக்கிறது,
தண்ணீருக்கு எழுத்துத் தெரியாது என்றாலும்.

பாய்ச்சத் தெரிந்தவர்கள் ஊருக்கு நூறு பேர்.
நிறுத்தி வைப்பது வேறு வேலை.
பாயும் தண்ணீர் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும்.
நிற்கும் தண்ணீரோ
இரவெல்லாம் கரையைத் தடவிக்கொண்டே இருக்கும்,
சட்டைப்பைகளில் சாவி தேடுகிறவனைப் போல.

நேற்று வடக்குக் காற்று.
நூற்றைம்பது ஏக்கர் தண்ணீரையும்
தெற்குக் கரைக்கு ஒதுக்கித் தள்ளியது.
அளவுகோலில் வடக்கே நாலு அங்குலம், தெற்கே ஏழு.
கரை தாங்கியது,
ஒரே ஓர் இடம் தவிர.

அதிகாலை மூன்றேகால்.
டார்ச்சுக்கு முன்னே காது கண்டுபிடித்தது:
குழாயை யாரோ சரியாக மூடாததுபோல் ஒரு சத்தம்.
கரையின் வயிற்றில்
கட்டைவிரல் நீளச் சிவப்புச் சிங்கி குடைந்த வளை.
அதன் வழியே சுண்டுவிரல் பருமன் தண்ணீர்
வடிகாலுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

குப்புறப் படுத்தேன்.
தோள்வரை கையை விட்டுச்
சாக்கைத் திணித்தேன், சேற்றைத் திணித்தேன்,
கடைசியில் என் தொப்பியையும்.
நின்றது.

எப்போது தொடங்கியது?
பதினொரு மணிக்குப் பார்த்தபோது காய்ந்த கரை.
நடுவே நாலேகால் மணி நேரம்
யாருடைய கணக்கிலும் இல்லை.
பார்த்தது ஒரு நாரை.
அது சாட்சி சொல்ல வராது.

"சுண்டுவிரல்தானே" என்றார் முதலாளி ஸ்டெல்லிங், தூக்கக் குரலில்.
"ஆறு எவ்வளவு பெரிசு தெரியுமா உனக்கு?"
தெரியும்.
வயலிலிருந்து வடிகால், வடிகாலிலிருந்து ஆறு,
ஆற்றிலிருந்து சேக்ரமெண்டோவின் குழாய்கள்.
ஒரு காலத்தில் அந்தத் தண்ணீர் கசந்ததாம்.
நான் வருவதற்கு முன்பு; கேள்விதான்.
காபிக்கு ஒரு கரண்டி சர்க்கரை கூட்டிப் போட்டார்களாம்.
அப்போதும் ஒவ்வொரு வயல்காரனும்
சுண்டுவிரல்தானே என்றுதான் சொல்லியிருப்பான்.

நோட்டில் எழுதினேன்:
கசிவு. தெற்குக் கரை, மூன்றாம் பாத்தி.
தொடக்கம் தெரியாது. அடைத்த நேரம் 3.25.
அடைத்த பொருள் மண், சாக்கு.
தொப்பிக்குக் கட்டம் இல்லை.

எட்டு மணிக்கு ஆய்வாளர் பா ஷியோங் வந்தாள்,
ஐஸ் பெட்டியும் பழுப்புக் கண்ணாடிப் புட்டியுமாக.
வடிகாலில் முக்கி, மூடி, ஒட்டி, தேதி எழுதினாள்.
திட்டவில்லை. பாராட்டவும் இல்லை.
"உடனே கூப்பிட்டிருக்கலாமே."
"மூன்றரைக்கே கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை."
"ஓ, அது நீங்களா.
பதிவில் தவளைகள்தான் கேட்டன."

முடிவு வர இரண்டு வாரம் ஆகுமாம்.
அதற்குள் முப்பது நாள் முடிந்து
பலகையை நானே உருவியிருப்பேன்.
இதே தண்ணீர்தான் போகும்,
இதே வடிகால் வழியாக,
எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.
பதினொரு நாளில் அப்படி என்ன மாறிவிடும் என்று
என்னைக் கேட்காதீர்கள்.
வெயில் ஏதோ செய்கிறது. சேறு ஏதோ செய்கிறது.
அவற்றுக்கு அவகாசம் வாங்கிக் கொடுப்பதோடு
என் வேலை சரி.

தொப்பி கரைக்குள்ளேயே கிடக்கிறது.
அறுப்பு முடிந்து கரையை வெட்டினால் வரும்.
அதுவரை
நெற்றியில் கையை வைத்துக்கொண்டு
வெயிலில் நடக்கிறேன்.
தூரத்தில் லாரிக்குள் உட்கார்ந்து பார்க்கிற ஸ்டெல்லிங்
சல்யூட் என்று நினைத்துக்கொள்ளட்டும்.