ஒரு கட்டத்துக்கு எத்தனை இட்லி

வீட்டுப்பாடம்: பதினாலு நாள்
ஏதாவது ஒன்றை எண்ணி வரைபடம் போட வேண்டும்.
எங்கள் தாராவிச் சந்தில் எண்ண என்ன இருக்கிறது?
அப்பா விற்கும் இட்லி.

விடிகாலை சைக்கிளில் போனது,
மதியம் மாதுங்காவிலிருந்து திரும்பி வந்தது,
கழித்தால் விற்றது.
பத்து இட்லிக்கு ஒரு கட்டம் என்று
புள்ளி வைத்தேன்.

மழை பிடித்துக்கொண்ட ஜூன் கடைசி.
புள்ளிகள் ஏறின, இறங்கின.
ஏறியது கொஞ்சம், இறங்கியது கூட.
ஒரு வியாழன் மட்டும்
தனித் தென்னையாய் நின்றது.
யார் வீட்டுக் காதுகுத்துக்கோ
அன்றைக்கு மொத்தமாய் எடுத்தார்கள்.

அம்மா அதையே தொட்டுக்கொண்டிருந்தாள்.
"அதை விட்டுட்டுப் பாரும்மா" என்று
கட்டைவிரலால் மறைத்தேன்.
மீதிப் பதின்மூன்றும்
மாகிம் பக்கம் ஓடும் வாய்க்கால் போல
ஒரே திசைக்குச் சாய்ந்திருந்தன.
அம்மா என் விரலை எடுத்துவிட்டாள்.

இசக்கி அண்ணன் சொன்னான்:
"அம்பதுக்கு ஒரு கட்டம்னு போட்டுப் பாரேன்."
போட்டேன். அதே எண்கள்தான்.
மலைச்சரிவு அப்படியே படுத்து
ஸ்டேஷன் பிளாட்பாரம் ஆகிவிட்டது,
வியாழன்கூட ஒரு சின்ன மேடு.

ராத்திரி அப்பா ரெண்டு தாளையும்
விளக்கடியில் வைத்துப் பார்த்தார்.
"இதுதான் அழகா இருக்கு, இதைக் குடு டீச்சர்ட்ட"
என்று தட்டையானதை நீட்டினார்.

மூன்றரை மணிக்குக்
கொப்பரை மூடி திறக்கும் சத்தம்.
படுத்தபடியே எண்ணினேன்.
எப்போதும் எட்டு ஈடு.
ஏழோடு
அடுப்பை அணைத்தார்.