இடது குழல்

வலையிலிருந்து கழற்றிய ஈயமணிகள்
அகப்பையில் இன்னும் உப்புக் கக்கின.
முதலில் அழுக்கு மிதந்தது. மறுகா
அவித்த மீனின் கண்போல ஒரு வெளிறல்.
ஆதம்பாவா எட்டிப் பார்த்தான்:
"திரளி பிடிச்ச ஈயம் மச்சான்,
மான் பிடிக்குமோ?"

அந்த வருசம் தோட்டா இல்லை.
கப்பலில் வராத சாமான்களில்
சீத்தைத் துணிக்கும் பால்மாவுக்கும் பிறகு
அதுவும் ஒன்று.
வெடித்த கோதுகளை நாங்கள் எறியவில்லை.
வாய் கிழிந்தது, அடியில் பச்சை பிடித்தது,
மழையில் ஊதினது என்று
பெருவிரலால் தடவித் தடவி
இரண்டைத் தேறவைத்தோம்.

துவக்கு என்னுடையது.
அனுமதிப் பத்திரத்தில் இருப்பது பயிர்க்காவல்.
பன்றிக்கு இடமுண்டு அதில்.
மான் எந்த வரியிலும் இல்லை.

தக்கைக்குத் தேய்ந்த பாட்டாச் செருப்பின் குதி.
வாயடைக்க மெழுகுதிரி.
இதிலெல்லாம் எங்களுக்குள் பிணக்கில்லை.

சன்னத்தில் வந்தது.

ஒன்பது, என்றேன். பெரிசு.
நின்ற இடத்தில் விழவேணும்,
விழுந்தது தனக்கே தெரியாமல்.
அவன் எட்டு என்றான்.
"விழட்டும். ஆனா மூச்சு இரிக்கணும்.
நான் ஓடிப்போய்ப் பேர்சொல்லி அறுக்கும் மட்டும்
அது காத்துக்கிட்டு இரிக்கணும்."
சுடமுன் சொன்னாலே போதும் என்று
லெவ்வை சொல்லியிருக்கிறாராம்.
"அவருக்குப் போதும். எனக்கு மனம் ஒப்புதில்ல."

காத்துக்கிட்டு.
முந்தின கச்சானில் யாரோ
கொக்குச் சன்னத்தால் சுட்டுத் தவறவிட்ட மரையை
சாகாமக் குளத்துத் தாமரைக்குள் கண்டோம்.
எத்தனையாம் நாளோ.
விலாவில் புழு. கண்ணில் உயிர்.
அதுவும் காத்துக்கொண்டுதான் இருந்தது.
அவன்தான் சேற்றில் இறங்கி அறுத்தான்.
தின்னவல்ல.
கரையேறிக் கையைக் கழுவிக் கழுவி
தண்ணீர் கலங்கும் மட்டும் கழுவினான்.

இரட்டைக் குழல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.
வலது எனக்கு, இடது அவனுக்கு.
என் கோதை நான் நிரப்பினேன்.
அவன் முதுகைக் காட்டிக்கொண்டு
லாம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு
நிரப்பினான். மெழுகு சொட்டும் சத்தம் மட்டும்.

கஞ்சிகுடிச்சாற்றுப் பக்கம்
வற்றிய மோட்டையில் தண்ணீர் ஒரு பாயளவு.
பாலை மரத்தில் இரண்டுபேரும்,
முசிறுகளும்.
விடியப் பக்கமாய் அது வந்தது.
குனிந்தது. நிமிர்ந்தது. மறுபடி குனிய
முன்விசையில் ஒரு விரல், பின்விசையில் ஒரு விரல்
இரண்டும் என்னுடையவை.
பக்கத்தில் அவன் வாய் முணுமுணுத்தது.
முன்விசையை இழுத்தேன்.

கொடியிலிருந்து துணி நழுவினமாதிரி
விழுந்தது.
அவன் கத்தியோடு ஓடினான்,
ஒரு செருப்பு கழன்று கிடக்க.
கழுத்தில் உள்ளங்கையை வைத்தான்.
எடுக்கவில்லை.
நான் இறங்கி வந்து, புகைமணம் போய்,
அங்கால் மயில் அகவத் தொடங்கியும்
எடுக்கவில்லை.
பிறகு இரத்தமே படாத கத்தியைச்
சாரன் தலைப்பில் துடைத்து மடக்கினான்.

தடியில் கட்டித் தூக்கினோம்.
பாரமான பின்பக்கம் அவன் தோளில்.
தம்பிலுவில் சந்தியில் இறக்கிவைத்து,
"ஊட்டில கருவாடு இரிக்கு" என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
போடா என்றாவது சொல்லியிருக்கலாம்.

பின்னேரம், வெடிக்காத இடது தோட்டாவை
ஈயத்துக்காகப் பிரித்தேன்.
மெழுகைக் கிண்டி, செருப்புத் துண்டை நெம்பி
பீங்கானில் கவிழ்த்தேன்.
எண்ணினேன்.
விளக்கை ஏற்றிவைத்து எண்ணினேன்.

ஒன்பது.

அடுத்த கிழமை வந்தான்,
சட்டைப்பையில் ஒரு வெறுங்கோது, வாய் கிழியாதது.
"எத்தின போடுவம்?" என்றான்
என் முகத்தைப் பாராமல்.
அகப்பையை அடுப்பில் வைத்தேன்.
ஈயம் உருகக் கொஞ்ச நேரம் எடுக்கும்.