சார்பகம்

பணகுடிக் காற்றாலையின் இறகு முனை
டி ஆவது நொடியில் தரையிலிருந்து
எவ்வளவு உயரம்?
ஐந்து மதிப்பெண். படிநிலை காட்ட வேண்டும்.

எண்பது கூட்டல் நாற்பது சைன் டி.
எழுதிவிட்டேன்.
"காற்று மாறாதது எனக் கொள்க" என்று
கேள்விக்கு அடியில் ஒரு வரி.
கொண்டேன். வேறென்ன செய்ய.

ஆடியில் அது பேய்ச் சுத்து சுத்தும்,
ஐப்பசியில் சவம் மாதிரி நிக்கும்.
நிக்கிற நாளில்தான்
எங்க அண்ணன் பலவேசம்
இடுப்பில் பெல்ட் மாட்டி
எண்பது மீட்டரும் ஏறுவான்,
கிரீஸ் டப்பாவோடு.

தொலைத்தொடுகோடு எனக்குச் சுலபம்:
நாகர்கோவில் எண்ட் டு எண்ட் பஸ்
வள்ளியூரை நெருங்கி நெருங்கி
ஊருக்குள் வராமலே பைபாஸில் போவது.
ஜெபராணி மிஸ் சிரித்துவிட்டு
வரையறையை எழுதச் சொன்னார்.
எழுதினேன்.
வரையறையில் பஸ் இல்லை.

சார்பகம் குறிக்காத விடைக்கு
அரை மதிப்பெண் போகும்.
மணியடிக்க மூன்று நிமிடம்.
டி, பூச்சியம் அல்லது அதற்கு மேல்
என்று எழுதி,
பேனாவை மூடித் திரும்பத் திறந்து
கீழே சின்னதாக:

அண்ணன் மேலே இருக்கும் நேரம் நீங்கலாக.