திருவலம் பாலம்

காட்பாடியில் வீடு பார்த்தது
ஸ்டேஷன் பக்கம் என்பதற்காக.
இப்போது எல்லா ரயிலும் எனக்குத் தெரியும்.
ஒன்று பத்துக்குக் கூட்ஸ்.
ஐம்பத்தெட்டுப் பெட்டி வரை எண்ணியிருக்கிறேன்.
இரண்டே முக்காலுக்கு ஒன்று
சிக்னலில் நின்று, பெருமூச்சு விட்டுப் போகும்.
அப்புறம் பால் வண்டி. அப்புறம் பாங்கு.
பக்கத்தில் தயாநிதி,
தலையணையில் தலை படுவதற்குள் தூங்கிவிடுகிற மனிதர்.
அவர் மேல் எனக்கு வரும் கோபத்துக்கு
ஒரு நியாயமும் கிடையாது.

முதலில் வெயில் என்றேன்.
சித்திரையில் வேலூர்க்காரர் யார்தான் தூங்குகிறார்கள்?
கத்திரி போனது. ஆடிக் காற்று வந்தது.
புரட்டாசி மழையில் மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது.
என் கண்ணில் மட்டும் அதே மணல்.
கசகசா போட்ட பால் குடித்தேன்,
உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தேன்.
வழுக்கி விழுந்ததுதான் மிச்சம்.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
எனக்குக் கடைசி மேசை.
ஜோடி பார்த்துப் பெட்டியில் வைக்க வேண்டும்.
ஒருநாள் இரண்டு இடதுகால்
என் முத்திரையோடு ஜெர்மனிக்குப் போய்விட்டன.
எபனேசர் சார் திட்டவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

ஷாகிரா கேட்டாள்:
“பஸ்ல தூங்குற, சோத்துத் தட்டு முன்னாடி தூங்குற,
பாயைப் பாத்தா மட்டும்
பரீட்சை ஹாலைப் பாத்த மாதிரி முழிக்கிற.
இது என்னடி?”
சிரித்து மழுப்பினேன்.

கார்த்திகையில் ஒரு காலை ஷிஃப்ட்.
ஸ்கூட்டியில் திருவலம் பாலத்தில் ஏறினேன்.
அடுத்து நினைவிருப்பது அக்கரை டீக்கடை.
நடுவில் பாலம் இல்லை,
பொன்னையாறு இல்லை.
கை ஹேண்டிலில் இருந்தது, விளக்கு எரிந்தது.
ஓட்டி வந்தது யார்?

வண்டியைத் தள்ளிக்கொண்டே
பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்,
அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு.

“வாரத்துல எத்தனை ராத்திரி?”
அஞ்சு.
“எத்தனை மாசமா?”
விரல் விட்டுப் பார்த்தேன். ஏழு.
சொன்ன பிறகுதான் என் காதிலும் அது விழுந்தது.
“மூணாவது மாசமே வந்திருக்கலாம்” என்றார் டாக்டர்,
குற்றம் சொல்கிற குரலில் இல்லை.
மாத்திரை கேட்டேன்.
“அதை அப்புறம் பார்க்கலாம்” என்று
ஒரு நோட்டு போடச் சொன்னார்:
படுத்த மணி, விழித்த மணி.
தூக்கம் வராவிட்டால் புரளாதே, எழுந்து உட்கார்.
கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பு.
மதியத்துக்கு மேல் டீ வேண்டாம்.
வண்டி இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

ரயிலைத் திருப்பி வைக்க முடியாதே என்றேன்.
அவர் சிரித்தார். நானும்.

மூன்று வாரம் ஆகிறது.
சில ராத்திரி பழைய ராத்திரிதான்.
ஆனால் நேற்று
கூட்ஸ் நாற்பத்தொன்றாவது பெட்டி வரை நினைவிருக்கிறது.
மீதி வந்ததா, போனதா,
நோட்டில் அந்த இடத்தைக்
காலியாக விட்டிருக்கிறேன்.