ஐந்தாம் தேதி

கழிஞ்சூரில், ரயில்வே கேட் தாண்டி மூன்றாவது தெரு.
தரகர் ஏகாம்பரம் பூட்டைத் திறப்பதற்குள்
மூன்று சாவி போட்டுப் பார்த்துவிட்டார்.
"அரை கிரவுண்டு, வடக்குப் பார்த்த வாசல்,
போர்த் தண்ணி கொஞ்சம் உப்பு.
கடன் இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு மேடம்,
அதை நீங்க அப்படியே எடுத்துக்கலாம்."

அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை
இறக்கிக்கொள்ளச் சொல்வது போலச் சொன்னார்.

எனக்குப் புதுக்கடன் கிடைக்காது.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒப்பந்தச் சம்பளம்,
அதிலும் பாதி கவரில் வருவது.
சாம்ராஜுக்குக் கிடைத்திருந்தது.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர்,
எட்டரை வட்டி,
கம்பெனி மூடுவதற்கு முன்னால்.

நகை விற்ற ஒன்பது லட்சம் கைமாறியது.
ஒரு ஒப்பந்தம், ஒரு பவர்.
அசல் பத்திரம் பேங்க் பெட்டகத்தில்.
கடன் தீரும்வரை அவர் பெயர், என் பணம்.
"எல்லாம் நம்பிக்கைதான் மேடம்" என்ற ஏகாம்பரம்
தன் கமிஷனை
எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினார்.

மொட்டை மாடியில் எட்டு இடத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.
இன்னொரு தளம் எழுப்ப அவர் விட்டுவைத்தவை.
துருவுக்குப் பயந்து
ஒவ்வொன்றின் தலையிலும் பெயின்ட் டப்பா கவிழ்த்திருந்தார்.
அறுத்துவிடலாம் என்றான் கொத்தனார்.
நான் கொடி கட்டித் துணி காயப்போடுகிறேன்.

மாதாமாதம் நாலாம் தேதி
அவர் கணக்கில் பதினேழாயிரத்து முந்நூறு போடுவேன்.
ஐந்தாம் தேதி பேங்க் எடுத்துக்கொள்ளும்.
குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும்.
உடனே கூப்பிடுவார்:
"போயிடுச்சும்மா."
வேறு பேச்சில்லை.
பதினான்கு மாதமாக அந்த ஒரு சொல்தான் என் ரசீது.

ஜூனில் கூப்பிடவில்லை.

ஆறாம் தேதி நான் அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது.
எட்டாம் தேதி அவர் மனைவி எப்சிபா எடுத்தாள்.
மகளுக்குக் காலேஜ் பணம் கட்ட அன்றைக்குக் கடைசி நாளாம்,
கணக்கில் கிடந்ததாம், பார்த்தாராம்...
அவள் முடிக்கவில்லை.
நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.
கத்தியிருக்கக்கூட வேண்டும்.
அந்தப் பெண் என்ன படிக்கப் போகிறாள் என்று மட்டும் கேட்டேன்.

பத்தாம் தேதி, மண்டை காயும் வெயில்.
கேட்டருகே பைக் நின்றது. பேங்க் அனுப்பிய பையன்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டான்:
"சாம்ராஜ் வீடுதானே?"

கரண்ட் பில்கூட இன்னும் என் பெயருக்கு மாறவில்லை.
தோளில் ஈரத்துணி. மேலே
அவருடைய கம்பிகள்.

"ஆமாம், அவர் வீடுதான்" என்றேன்.
"எவ்வளவு கட்டணும், சொல்லுங்க."