டாங்கித் தடம்

யூட்டர்போக்குக்குத் தெற்கே மணல், முட்புதர், பைன்.
மே முழுக்கக் காய்ந்து கிடந்து ஓர் இரவு கொட்டியது.
ராணுவம் விட்டுப்போன டாங்கித் தடங்களில்
கணுக்காலளவு தண்ணீர்.
அவ்வளவுதான் குளம்.

பதினொரு மணிக்கு விளக்கை அணைக்கச் சொன்னாள் ரோஸ்விதா.
காதால் எண்ண வேண்டும்.
முதலில் ஒன்று,
பழைய கடிகாரத்துக்கு யாரோ சாவி கொடுப்பதுபோல்.
பிறகு பொட்டல் முழுக்கச் சாவி.

நுணலும் தன் வாயால் கெடும், என்றேன்.
ஜெர்மனில் பாதிதான் வந்தது.
“கெடவா? கத்தினால்தான் பட்டியலில் ஏறும்.
ஏறாவிட்டால் இங்கே சூரியத் தகடு நடுவார்கள்.”

நாற்பத்தாறு, முதுகில் மஞ்சள் கோடு போட்டவை.
பூண்டு நாறும் இன்னொன்று
டார்ச் பட்டதும் மணலைப் பறித்து உள்ளே போனது,
பின்பக்கமாக, முகம் கடைசியில்.

ஐந்து வாரம் தாங்கினால் வால் போய்க் கால் வரும்.
முப்பதாம் நாள் ஒரு கோப்பைத் தண்ணீர்தான் மிச்சம்,
அதில் கறுப்பாய்த் துடிப்பு.
வாளியோடு ஓடினேன்.
தடுத்தாள்:
வற்றுவதால்தான் மீன் இல்லை,
மீன் இல்லாததால்தான் இவை.

இப்போது தடங்களைப் புல் மூடுகிறது.
எனவே அக்டோபரில் ஒரு வியாழன்
எக்கேஹார்ட் வருவான், பீரங்கி கழற்றிய டாங்கியோடு,
தரையை மறுபடி கிழிக்க.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியுமென்று
ரோஸ்விதாவிடம் சொல்லவில்லை.
செருப்பைக் கழற்றாமலே தூங்கிய வருஷம் ஒன்று உண்டு.

பைன்களுக்கு அப்பால் அது திரும்பியது.
வாய் உலர்ந்தது.
கொடியை உயர்த்தி வழி காட்டினேன்:
இன்னும் இடது.
இன்னும் ஆழம்.